அடியாத நாயும் படியும்

"அடியாத மாடு படியாது" என்று சொல்லி வளர்ந்த தலைமுறையில் பலர் இன்று ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறார்கள். மாடு இல்லை, வயல் இல்லை. பழமொழி மட்டும் மிச்சம். பிள்ளைகள் விஷயத்தில் அதை வாய்விட்டுச் சொல்ல இப்போது தயங்குகிறார்கள். நாய்க்குட்டி விஷயத்தில் அந்தத் தயக்கமும் கிடையாது. வெக்ஸ்போர்ட் பகுதியில், விக்டோரியா பார்க் அவென்யூவின் அடுக்குமாடியொன்றிலோ 1950களில் கட்டிய பங்களாவொன்றின் பேஸ்மென்றிலோ எட்டு வாரக் குட்டியொன்று வந்து சேர்கிறது. இரண்டாம் நாளே கார்ப்பெற் நனைகிறது. உடனே நாலு பக்கத்திலிருந்தும் ஆலோசனை வரும்: செய்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் மூக்கைத் தேய், பேப்பரைச் சுருட்டி ஒன்று போடு, அதற்கு எல்லாம் தெரியும், முழிக்கிற முழியைப் பார். இந்த ஆலோசனையின் அடியில் மூன்று நம்பிக்கைகள் கிடக்கின்றன. செய்தது பிழை என்று குட்டிக்குத் தெரியும், தெரிந்துகொண்டே செய்கிறது, பயம் பிடித்தால் நிறுத்திவிடும். மூன்றுமே தவறு. மூன்றாவது தவறு மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. வீட்டுக்குள் ஈரமானால் அது வீட்டாரின் நேர ஒழுங்கில் உள்ள ஓட்டை. அடி அந்த ஓட்டையை அடைப்பதில்லை. மனிதர் கண்ணில் படாமல் ஒளித்துச் செய்யும் வித்தையைத்தான் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறது.

முதலில் உடம்பைப் பார்ப்போம். பிறந்து முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குக் குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய் நக்கித் தூண்டினால்தான் போகும். போனதைத் தாயே நக்கிச் சுத்தமாக்கிவிடும். கண் திறந்து கால் ஊன்றிய பிறகு, மூன்றாவது நான்காவது வாரத்தில், குட்டி தான் படுக்கும் இடத்தைவிட்டுச் சற்று விலகிப்போய்க் கழிக்கத் தொடங்குகிறது. ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் வரும் பழக்கம் இது. எட்டு ஒன்பது வாரமளவில் காலுக்கடியில் எப்படிப்பட்ட தரை இருந்தால் கழிப்பது என்ற விருப்பமும் நிலைக்கத் தொடங்கும். புல்லில் வளர்ந்தது புல்லைத் தேடும். பழைய பேப்பரில் வளர்ந்தது பேப்பரைத் தேடும். ஆனால் அடக்கிவைக்கும் தசையும் அதை ஆளும் நரம்பும் அப்போது முற்றியிருக்காது. வயது எத்தனை மாதமோ அத்தனையோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டினால் பகலில் குட்டி தாங்கக்கூடிய உச்ச எல்லை கிடைக்கும் என்பது பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் சும்மா படுத்திருந்தால். தூங்கி எழுந்தால், சாப்பிட்டால், துள்ளி விளையாடினால் அந்தக் கணக்கு நிமிடங்களுக்குச் சுருங்கிவிடும். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைவது மனிதக் குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் பொதுவான உடல் வினை. உடம்பால் முடியாததைச் செய்யவில்லை என்று ஒரு உயிரை அடிப்பதற்கு எந்தப் பழமொழியும் நியாயம் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஊரிலிருந்து ஒரு கேள்வி வரும். யாழ்ப்பாணத்தில் யார் நாய்க்கு இதையெல்லாம் பழக்கினார்கள், அது தானாகத்தானே பழகியது என்பார்கள். இந்தக் கேள்வி எதிர்வாதமாகத் தோன்றினாலும், உண்மையில் என் பக்கத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஊர் நாய் வளவில் வாழ்ந்தது. படுப்பது முற்றத்து மண்ணில் அல்லது திண்ணை ஓரத்தில்; கழிப்பது வேலிக்கரையில், கோடிப்புறத்தில், ஒழுங்கை முடக்கில். இடையில் பூட்டிய கதவு ஒன்றும் இல்லை. அவசரம் வந்த கணத்திலேயே எழுந்து போக அதற்கு வழி இருந்தது. படுக்கையைவிட்டு விலகிப்போகும் இயல்பை ஊர் வளவு தடுக்கவில்லை; அதனால் பழக்கவேண்டிய தேவையே எழவில்லை. அடி வாங்கி அது வேலிக்கரைக்குப் போகவில்லை, வழி திறந்திருந்ததால் போனது. வெக்ஸ்போர்டின் பதினான்காம் மாடியில் அதே இயல்போடு பிறந்த குட்டிக்கும் வேலிக்கரைக்கும் நடுவே ஒரு வீட்டுக்கதவு, நீண்ட நடைக்கூடம், எலிவேற்றர், முன்மண்டபம், இரட்டைக் கண்ணாடிக் கதவு எல்லாம் நிற்கின்றன. இவற்றில் ஒன்றைக்கூட அதனால் திறக்க முடியாது. ஊரில் வளவு செய்த வேலையை இங்கே மனிதர் செய்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, குட்டி செய்யவில்லை என்று கோபிப்பது கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே இருப்பவனை ஏன் வெளியே வரவில்லை என்று கேட்பதற்குச் சமம்.

அந்த வேலை எப்படியிருக்கும் என்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் பலர் தோற்பது கொள்கையில் அல்ல, நுணுக்கத்தில். குட்டி தூக்கம் கலைந்து எழுகிறது. தரையை முகர்கிறது, ஒரு இடத்தைச் சுற்றுகிறது, விளையாட்டுச் சாமானை விட்டுவிட்டுச் சுவரோரம் நகர்கிறது. அந்தக் கணத்திலேயே தூக்கிக்கொள்ள வேண்டும். நடத்திக் கூட்டிப்போனால் எலிவேற்றர் வருவதற்குள் நடைக்கூடத்துக் கார்ப்பெற்றில் காரியம் முடிந்துவிடும். தூக்கிவைத்திருக்கும்போது பெரும்பாலான குட்டிகள் கழிப்பதில்லை. கீழே போய் எப்போதும் ஒரே இடத்தில் இறக்கிவிட வேண்டும். பழைய மணம் புதிய வேலையை நினைவூட்டும். பிறகு அசையாமல் நிற்க வேண்டும். கைத்தொலைபேசி வேண்டாம், விளையாட்டும் வேண்டாம். கழித்து முடித்த அந்த விநாடியில், அந்த இடத்திலேயே, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் துண்டு இறைச்சி. வீட்டுக்குத் திரும்பி வந்து கொடுத்தால், வீட்டுக்குத் திரும்பியதற்கு அது கூலியாகிவிடும். இன்னொன்று: கழித்தவுடனே தூக்கிக்கொண்டு மேலே ஓடக்கூடாது. ஓடினால், கழித்தால் வெளியுலகம் முடிந்துவிடும் என்று குட்டி கற்றுக்கொண்டு முடிந்தவரை பிந்தும். மேலே வந்ததும் கார்ப்பெற்றில் முடிக்கும். பல வீடுகளில் 'வெளியில் அரை மணி நேரம் நின்றும் செய்யாமல் வந்து உள்ளே செய்கிறது, வேண்டுமென்றே செய்கிறது' என்று சொல்லப்படும் குற்றச்சாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. குட்டி வேண்டுமென்று செய்யவில்லை. வீட்டார் தெரியாமல் கற்பித்ததைச் சரியாகக் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

'அதற்குத் தெரியும், முழியைப் பார்' என்பதுதான் மறுதரப்பின் மிகப் பலமான சாட்சி. வாலை ஒடுக்கி, காதைப் பின்தள்ளி, கண்ணை விலக்கிக்கொண்டு நிற்கும் நாயைப் பார்த்தவர்களுக்கு அது குற்றவுணர்வு போலத்தான் தோன்றும். நியூயோர்க்கின் பார்னாட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹொரோவிற்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தது. 14 நாய்கள். உரிமையாளர் தன் நாயிடம் தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு அறையைவிட்டுப் போவார். அவர் இல்லாத நேரத்தில் சில நாய்கள் தின்றன, சிலவற்றிடமிருந்து தின்பண்டம் அகற்றப்பட்டது. திரும்பி வந்த உரிமையாளரிடம் சில தடவை உண்மையும் சில தடவை பொய்யும் சொல்லப்பட்டன. அதாவது தின்ற நாய் பாராட்டப்பட்டதும் உண்டு, தின்னாத நாய் ஏச்சு வாங்கியதும் உண்டு. 'குற்ற முகம்' நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறவில்லை; உரிமையாளர் ஏசினாரா இல்லையா என்பதைப் பொறுத்தே மாறியது. ஒன்றும் செய்யாமல் ஏச்சு வாங்கிய நாய்களின் முகத்தில்தான் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. ஆகவே நாம் பார்க்கும் முழி பழைய குற்றத்தின் ஒப்புதல் வாக்குமூலம் அல்ல. எதிரில் நிற்கும் கோபத்தைக் கண்டு, அடி விழாமல் தணிக்கப் பார்க்கும் உடல்மொழி அது. மூன்று மணி நேரத்துக்கு முன் கழித்ததற்கும் இப்போது விழும் அடிக்கும் இடையே முடிச்சுப் போட நாயின் மனதில் கயிறு கிடையாது.

அப்படியானால் அடி எதைத்தான் கற்பிக்கிறது? கையும் களவுமாகப் பிடித்து அடித்தாலும் 'இந்த இடத்தில் செய்யாதே' என்ற பாடம் போய்ச் சேர்வதில்லை. 'இந்த ஆளின் முன்னால் செய்யாதே' என்ற பாடம்தான் சேர்கிறது. விளைவு இரண்டு. உள்ளே, சோபாவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் குட்டி ஒளித்துக் கழிக்கும். வெளியே, வாரின் மறுமுனையில் நிற்பவரும் அதே ஆள்தான் என்பதால், அவர் பார்க்கக் கழிக்கப் பயந்து அடக்கும். வீட்டாருக்கு வேண்டியது எதுவோ அதற்கு நேர் எதிரான இரண்டு பழக்கங்கள். இதோடு மூன்றாவது ஒன்றும் உண்டு: பயந்த குட்டி குனிந்து படுத்து ஒரு சொட்டுச் சிறுநீர் விடும். நாய்க்குலத்தில் இது அடிபணிவின் அடையாளம், தன்னை அறியாமல் நடப்பது. அதற்கும் ஏசினால் பயம் கூடும். பயம் கூடினால் சிறுநீரும் கூடும். அடித்து நிறுத்தப் பார்க்கும் ஈரத்தை அடியே பெருக்குகிறது.

இது வெறும் தர்க்கம் என்று ஒதுக்குபவர்களுக்கு ஆய்வுகளும் இருக்கின்றன. ஹிபி, ரூனி, பிராட்ஷோ என்ற மூன்று பிரித்தானிய ஆய்வாளர்கள் 2004இல் 364 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களில் 66 வீதமானோர் ஏசியும் 12 வீதமானோர் அடித்தும் பழக்கியிருந்தார்கள். எத்தனை விஷயங்களைப் பரிசு கொடுத்துப் பழக்கினார்களோ அதற்கேற்ப நாயின் சொல்கேட்கும் தன்மை உயர்ந்திருந்தது. தண்டித்துப் பழக்கியதற்கும் சொல்கேட்பதற்கும் தொடர்பே தென்படவில்லை. ஆனால் தண்டனை கூடிய வீடுகளில் நடத்தைப் பிரச்சினைகளும் கூடியிருந்தன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 140 உரிமையாளர்களிடம் எடுத்து 2009இல் வெளியான இன்னொரு ஆய்வில், அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றவர்களில் 43 வீதமானோரின் நாய்கள் திருப்பிச் சீறின அல்லது கடிக்க வந்தன. போர்த்துக்கலில் 92 வீட்டு நாய்களை வைத்து 2020இல் வெளிவந்த ஆய்வு, வலியும் அச்சமும் கொடுக்கும் பள்ளிகளில் பழகிய நாய்களின் எச்சிலில் பயிற்சிக்குப் பின் மன அழுத்த ஹோர்மோன் கூடியிருந்ததைக் காட்டியது. அமெரிக்க மிருக வைத்திய நடத்தையியல் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், எந்த நாய்க்கும் எந்தப் பழக்கத்துக்கும் துன்புறுத்தும் முறை தேவை என்பதற்கு ஆதாரமே இல்லை என்று எழுதியது. சிறு பிள்ளைகள் தவழும் வீட்டில் 43 வீதம் என்ற அந்த எண்ணை இன்னொரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும்.

அடிக்கு ஆதரவாக இப்போது இன்னொரு நவீன வாதமும் கிளம்பியிருக்கிறது. பழமொழியை நம்பாத இளையவர்கள் இதை நம்புகிறார்கள். நாய் ஓநாயின் வாரிசு, ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் அடக்கி ஆளுவான், நீ தலைவன் என்பதை நாய்க்குக் காட்டாவிட்டால் அது உன் வீட்டைத் தன் எல்லையாக்கிச் சிறுநீர் கழிக்கும் என்பது அந்த வாதம். இதன் தோற்றுவாய் 1947இல் ருடோல்ப் ஷெங்கல் அடைப்பில் வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வு. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டால் சண்டைதான் நடக்கும். அந்தத் தலைவன் கருத்தைத் தன் 1970ஆம் ஆண்டு நூல் மூலம் உலகெங்கும் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் தானே பின்னர் அதை மறுத்தார். கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் கோடைகளில் காட்டு ஓநாய்களைக் கூடவே இருந்து கவனித்தார். 1999இல் 'கனடிய விலங்கியல் இதழ்' வெளியிட்ட கட்டுரையில், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தகப்பனும் அவற்றின் பிள்ளைகளும் கொண்ட குடும்பம் என்றும், அங்கே பதவிக்கான அடிதடி அரிது என்றும் காட்டினார். தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தையும் கேட்டுக்கொண்டார். சொன்னவரே கைவிட்ட கொள்கையைப் பிடித்துக்கொண்டு, எல்லை குறிக்கும் வயதுகூட வராத எட்டு வாரக் குட்டியோடு ஆட்சிக்குப் போட்டி போடுவது வேடிக்கை. நிரம்பிய சிறுநீர்ப்பையில் அரசியல் இல்லை.

'எங்கள் வீட்டில் அடித்துத்தான் பழக்கினோம், பழகியதே' என்பது அடுத்த மறுப்பு. பழகியிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் எதனால் பழகியது? நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பெரும்பாலான குட்டிகளுக்கு அடக்கும் வலு வந்துவிடுகிறது. அதே காலத்தில் வீட்டார் அடித்ததோடு நிற்கவில்லை; ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வெளியிலும் கூட்டிப்போனார்கள். வெளியே போனதும் உடம்பு வளர்ந்ததும் செய்த வேலைக்கு அடி பெயர் வாங்கிக்கொண்டது. காய்ச்சல் தானாக இறங்கும் நாளில் நூல் கட்டியவருக்குப் புகழ் கிடைப்பதை நாம் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறோம். அடியின் பலனை நிறுவ விரும்புகிறவர் ஒன்றுக்கு விடை சொல்ல வேண்டும்: ஒரு தடவைகூட வெளியே கூட்டிப்போகாமல், அடி மட்டும் கொடுத்துப் பழகிய நாய் ஒன்றைக் காட்ட முடியுமா? முடியாது. அடியே இல்லாமல், வெளியே கூட்டிப்போய் மட்டும் பழகிய நாய்கள் இந்த நகரத்தின் ஒவ்வொரு தெருவிலும் நடக்கின்றன. இரண்டும் சேர்ந்த மருந்தில் எது வேலை செய்தது என்பதை அறிய இதைவிடத் தெளிவான சோதனை தேவையில்லை.

சாமி அறை இருக்கும் வீட்டில் இதெல்லாம் சரிவராது என்ற ஆட்சேபத்தை நான் லேசாக எடுக்கவில்லை. சுத்தம் பற்றிய அந்த அக்கறை நியாயமானது; நாய் வளர்ப்பதற்காக அதை ஒருவர் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த அக்கறைதான் அடியை முதலில் கைவிடச் சொல்ல வேண்டும். அடி வாங்கிய குட்டி தேடுவது ஆள் நடமாட்டம் குறைந்த மூலையை. பல வீடுகளில் அப்படிப்பட்ட அமைதியான மூலை எது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதற்கு மாற்று, முதல் சில மாதங்களுக்குக் குட்டிக்கு முழு வீட்டையும் திறந்துவிடாமல் இருப்பது. குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவை வைத்துச் சமையலறைப் பக்கத்து ஓட்டுத் தரையோடு அதை நிறுத்தலாம். சாமி அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கலாம். கழுவும் முறையையும் மாற்ற வேண்டும். டெற்றோலும் பைன் வாசமும் மனித மூக்கை மட்டுமே ஏமாற்றும். அமோனியா கலந்த திரவமோ சிறுநீரின் மணத்தை ஒத்ததாகையால் திரும்பவும் அதே இடத்துக்கு அழைப்பு வைக்கும். மிருகக் கடைகளில் விற்கும் நொதித் திரவத்தை ஊற்றி, கார்ப்பெற்றின் அடிப்பஞ்சுவரை ஊறவிட்டு, தானாகக் காயவிட வேண்டும். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அதன் குணம் மாறாது என்று ஒரு பழமொழி. அடித்தால் மாறும் என்று இன்னொன்று. ஒரே வாய் இரண்டையும் சொல்கிறது. நாயின் குணம் தன் படுக்கையை நனைக்காதது. அதை மாற்ற வேண்டியதே இல்லை, படுக்கையின் எல்லையை வீடு முழுவதற்கும் மெல்ல மெல்ல விரித்தால் போதும்.

கூண்டு பற்றி இரண்டு எதிரெதிரான தப்பெண்ணங்கள் உண்டு. அது சிறை என்பார் ஒரு சாரார். பூட்டிவிட்டு வேலைக்குப் போகலாம் என்பார் மறு சாரார். எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டில் குட்டி கழிக்க விரும்பாது. அது படுக்கையாகிவிடுவதால் அடக்கப் பழகும். அந்த அளவுக்கு அது உதவி. உள்ளே சாப்பாடு வைத்து, கதவைத் திறந்தே போட்டு, குட்டி தானாகப் போய்ப் படுக்கும்வரை பொறுத்தால் அது சிறையும் ஆகாது. ஆனால் உடம்பு தாங்கும் நேரத்தைத் தாண்டிப் பூட்டிவைத்தால் வேறு வழியின்றித் தன் படுக்கையிலேயே கழித்துவிடும். ஒரு தடவை, இரு தடவை, பிறகு அந்த அருவருப்பே மரத்துப்போகும். நெருக்கமான கூடுகளில் அடைத்துக் குட்டி உற்பத்தி செய்யும் இடங்களிலிருந்து வரும் நாய்களைப் பழக்குவது கடினமாயிருப்பதற்கு இதுவே காரணம். இயற்கை கொடுத்த ஒரே மூலதனத்தை அவை அங்கேயே இழந்துவிட்டு வருகின்றன. மலிவு விலைக்குக் காரின் பின்பக்கத்தில் கைமாறும் குட்டியை வாங்குகிறவர் இந்தக் கடனையும் சேர்த்தே வாங்குகிறார்.

பனிக்காலம் இன்னொரு சாக்கு. ஜனவரியில் எட்டு வாரக் குட்டியை வெளியே கொண்டுபோவதா, தடுப்பூசி முடியவில்லையே, அதுவரை ஈரம் உறிஞ்சும் விரிப்பில் பழக்கிவிட்டு வசந்தத்தில் வெளியே பழக்குவோம் என்பார்கள். விரிப்பு முற்றிலும் தவறல்ல; ஆனால் அது இலவசமும் அல்ல. மெத்தென்ற துணித்தரையில் கழிக்கக் கற்ற குட்டிக்குக் குளியலறை மிதியடியும் கூடத்துக் கார்ப்பெற்றும் அதே சாதிதான். மூன்று மாதம் ஒன்றைக் கற்பித்து, பிறகு அதையே பிழை என்று சொல்லி அடிப்பது அநியாயம். மாடியில் பல்கனி இருந்தால் ஒரு தட்டில் புல்தரைத் துண்டை விரித்துவைப்பது நல்லது. பாதம் புல்லையே நினைவில் வைக்கும். கீழே வீடு உள்ளவர்கள் முற்றத்தில் ஒரு சின்னச் சதுரத்தைப் புல் தெரியப் பனி வாரிவைத்தால் போதும். ஐந்து நிமிட வேலை. நடைபாதை உப்பு பாதத்தை எரிக்கும், உள்ளே வந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். தடுப்பூசி பற்றிய பயத்தில் பொருள் உண்டு. பார்வோ நோய் கொல்லும். ஆகவே ஊசிகள் முடியும்வரை நாய்கள் கூடும் பூங்காக்களையும், வெக்ஸ்போர்ட் வழியே மின்கம்பிகளுக்கு அடியில் ஓடும் மெடோவே புல்வெளிப் பாதையையும் தவிர்க்கலாம். ஆனால் கையில் தூக்கிப்போய், மற்ற நாய்கள் அதிகம் வராத ஓரமொன்றில் இறக்குவதற்கு அது தடையல்ல. எது பாதுகாப்பான ஓரம் என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டு முடிவெடுக்கலாம்.

மறுதரப்பின் கடைசி வாதம்தான் நேர்மையானது: புருஷனுக்கும் பெண்சாதிக்கும் இரண்டு வேலை, மாறி மாறி வரும் ஷிப்ற், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை யார் கீழே போவது? இதற்கு அடி விடையல்ல என்பதை முதலில் ஒப்புக்கொண்டால் உண்மையான விடைகள் தெரியவரும். காசு கொடுத்து நண்பகலில் ஒருவரை வரச்சொல்லலாம். ஓய்வில் இருக்கும் அம்மம்மாவோ தாத்தாவோ விரும்பினால், விரும்பினால் மட்டும், அந்தப் பொறுப்பை ஏற்கலாம். அல்லது குட்டியை விட்டுவிட்டு வளர்ந்த நாய் ஒன்றை எடுக்கலாம். ரொறன்ரோ மாநகரின் மிருக சேவைக் காப்பகம் ஸ்காபரோவில் புரோகிரஸ் அவென்யூவிலேயே இருக்கிறது, ஏற்கெனவே வீட்டுப் பழக்கம் உள்ள நாய்களும் அங்கே வருவதுண்டு. இவற்றில் ஒன்றும் முடியாதென்றால், இப்போதைக்கு நாய் வேண்டாம் என்பதும் ஒரு கௌரவமான முடிவு. பிள்ளையின் பிறந்தநாளுக்குக் குட்டி வாங்கிவிட்டு, இரண்டு மாதத்தில் 'பழகவில்லை' என்று சொல்லிக் கைமாற்றுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது வெறும் கார்ப்பெற் பிரச்சினையும் அல்ல. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வளர்ப்பு மிருகம் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் அந்த வாசகம் செல்லாது என்கிறது. இதைக் கேட்டதும் பலர் துணிந்துவிடுகிறார்கள். ஆனால் அதே சட்டம், வீட்டுக்குச் சேதம் விளைந்தால் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமையை வீட்டுக்காரருக்குக் கொடுத்திருக்கிறது. சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிர்ந்துகொள்ளும் பேஸ்மென்ற் குடியிருப்பாளருக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. கொண்டோக் கட்டடங்களின் விதிகள் மிருகங்களைத் தடைசெய்யவும் முடியும். ஆக, மரத்தரையில் ஊறிய சிறுநீர் குடியிருப்பையே ஆட்டிவைக்கக் கூடியது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு சுருட்டிய பேப்பரிடம் ஒப்படைப்பது புத்தியா?

தவறே நடக்காத வீடு உண்டு என்று யாரும் சொல்லவில்லை. நடுவில் பிடித்தால் கையைத் தட்டி ஒரு சத்தம் போட்டு நிறுத்தி, தூக்கிக்கொண்டு வெளியே போய் மிச்சத்தை முடிக்கவிட்டு, அங்கே பாராட்டலாம். முடிந்தபிறகு கண்டால் செய்யவேண்டியது துடைப்பது மட்டும். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று திரும்பவும் நனைக்கத் தொடங்கினால், அல்லது சொட்டுச் சொட்டாக அடிக்கடி விட்டால், அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். குறிப்பாகப் பெண் குட்டிகளில். அதற்கு மருந்து வேண்டும். நோய்க்கு அடிப்பதைப் பழக்குவது என்று சொல்ல முடியாது. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஒன்ராறியோவின் மிருக நலச் சட்டம் மிருகத்தை வேதனைக்கு உள்ளாக்குவதைக் குற்றமாக வைத்திருப்பதையும் இங்கே நினைவூட்டலாம்.

எனவே குட்டி எடுக்க நினைக்கும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டுச் சாமான், கழுத்துப்பட்டி, படுக்கை எல்லாம் வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். விடிய ஐந்தரையிலிருந்து இரவு பதினொன்றுவரை மணிகளை எழுதி, ஒவ்வொரு மணிக்கும் எதிரே குட்டியைக் கீழே கொண்டுபோகப் போகிறவரின் பெயரை எழுதுங்கள். நடுச்சாமத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். எல்லா இடமும் நிரம்பினால் குட்டியைக் கூட்டி வாருங்கள், அடி இல்லாமலே அது படியும். வெற்றிடம் விழுந்தால் அதை நிரப்ப ஆள் கிடைக்கும்வரை பொறுங்கள்.